செத்த காலேஜ்: எழும்பூர் அருங்காட்சியகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது வெண்கலக் கூடம். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கே நிற்கும்போது அது இயல்புதான். ஆனால் இந்த இடத்துக்கு முதலில் வந்தவை கற்கள். அடுத்து விலங்குகள் வந்தன. சாமிகள் பிறகுதான் வந்தார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் அங்கே அழைத்துப் போய்ப் போய், அவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. கையோடு பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

"செத்த காலேஜ்" என்று ஏன் சொன்னார்கள்?

பழைய சென்னைக்காரர்கள் இரண்டு காலேஜ்களைச் சொல்வார்கள். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். ஒன்றில் விலங்குகள் பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிக்குள் நிற்கும், மற்றதில் கூண்டுக்குள் உலவும். இந்த வேறுபாடு யாருக்கும் புரியும். புரியாதது அந்த "காலேஜ்".

எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் இது. அருங்காட்சியகம் பிறந்த இடம் எழும்பூர் அன்று. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான் அது தொடங்கியது. "காலேஜில் ஏதோ காட்டுகிறார்களாம்" என்று பேசிய ஊர், அது இடம் மாறிய பிறகும் பெயரை விடவில்லை. மிருகக்காட்சி சாலையும் இந்த அருங்காட்சியகத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்பதால் அதற்கும் அதே குடும்பப் பெயர்.

அந்தக் கல்லூரி சாதாரண இடம் அன்று. 1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் பிற தென்னக மொழிகளும் கற்றுக்கொடுத்த இடம். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிய அதே எல்லிஸ். தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்று 1816இல் அவர் எழுதிக் காட்டியது அந்தக் கல்லூரியின் சூழலில்தான். மொழிகளை இனம் பிரித்த கட்டடத்தின் மாடியிலேயே கற்களை இனம் பிரிக்கும் வேலையும் தொடங்கியது தற்செயல்தான். ஆனாலும் நினைக்கும்தோறும் எனக்கு மகிழ்ச்சி தரும் தற்செயல்.

எப்போது, எதை வைத்துத் தொடங்கினார்கள்?

1851இல். கையிருப்பு, மெட்ராஸ் இலக்கியச் சங்கத்திடம் இருந்த சுமார் 1,100 கற்கள், கனிமங்கள். ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்ததும் அந்தச் சங்கம்தான். கவர்னர் ஹென்றி பாட்டிங்கர் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களிடம் அனுமதி பெற்றார். அந்த ஆண்டு ஜனவரியில் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் 1814இல் தொடங்கியது. நாட்டில் அதற்கு அடுத்த மூத்தது என்று இதைத்தான் சொல்வது வழக்கம்.

ஏன் கற்கள்? அதில் பார்க்க என்ன இருக்கிறது?

பார்ப்பதற்காகச் சேர்த்தவை அல்ல அவை. கம்பெனி ஒரு வியாபார நிறுவனம். இந்த மண்ணில் நிலக்கரி உண்டா, இரும்பு எங்கே, எந்த மண்ணில் பீங்கான் வனையலாம், எந்த மரம் கப்பலுக்கு ஆகும் என்பவைதான் அதன் கேள்விகள். அன்றைய பெயரும் "பொருளியல் புவியியல் அருங்காட்சியகம்" என்ற போக்கில்தான் இருந்தது. ஒரு மளிகைக் கடைக்காரர் தன் சரக்கு அறையை எண்ணிப் பார்ப்பதைப் போன்ற வேலை. அறிவியல் ஆர்வம் இல்லாமல் இல்லை. அதற்குப் பணம் கொடுத்தது லாப ஆர்வம்.

பால்ஃபர் யார்?

1813இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், படைமருத்துவர், கவர்னரின் மெய்க்காவல் படைக்கு மருத்துவம் பார்த்தவர். உருது, பாரசீகம் அறிந்தவர். இந்தியாவைப் பற்றிய ஒரு பெரிய கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவர். மரங்களை வெட்டினால் மழைக்கும் நிலத்தடி ஈரத்துக்கும் என்ன ஆகும் என்று 1840களிலேயே எழுதி எச்சரித்தவர். பிற்காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர்களில் ஒருவர். 1875இல் அது நடந்தது.

எல்லாவற்றையும் விட, ஆளை வரவழைக்கத் தெரிந்தவர். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

அருங்காட்சியகத்தில் புலி வளர்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். கற்களைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? பால்ஃபர் ஒரு புலிக்குட்டியையும் ஒரு சிறுத்தையையும் கொண்டுவந்து வளாகத்தில் வைத்தார். கூட்டம் வந்தது. புலியைப் பார்க்க வந்தவர்கள், வந்தது வந்தோம் என்று கற்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். மிருகங்களால் ஆள் வருகிறது என்று தெரிந்ததும் 1855இல் அதை முறையான விலங்குக் காட்சியாகவே ஆக்கிவிட்டார். கர்நாடக நவாப் (ஆற்காட்டு நவாப்) தம்மிடம் இருந்த விலங்குகளைக் கொடுக்கும்படியும் பேசி இசைய வைத்தார். அடுத்த ஆண்டில் பாலூட்டி, பறவை, ஊர்வன எல்லாமாக ஏறக்குறைய 360 உயிர்கள் எழும்பூர் வளாகத்தில் இருந்தன. இன்று நீங்கள் வண்டி நிறுத்த இடம் தேடும் அதே வளாகத்தில்.

பிறகு அவை எங்கே போயின?

பெருகிய விலங்குகளை அங்கேயே வைத்திருக்க முடியவில்லை. 1863இல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு அவற்றை மாற்றினார்கள். பின்னாளில் மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும் எழுந்த பகுதி அது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் உயிர் காலேஜ் அங்கேதான் இயங்கியது. காணும் பொங்கலன்று ஒரு காலேஜில் நுழைந்து மறு காலேஜில் வெளியே வருவது பல குடும்பங்களின் வழக்கம். 1985இல் அது வண்டலூருக்குப் போய் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆனது. வண்டலூரின் பிறந்த ஆண்டு 1855 என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான்: அந்த ஆண்டு எழும்பூருக்கு உரியது.

அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலைக்கும் பாண்டியருக்கும் என்ன தொடர்பு?

ஒன்றும் இல்லை. பலகையில் "பாந்தியன்" என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நம் வாய்தான் அதைப் பாண்டியன் ஆக்குகிறது. கடலே இல்லாத எழும்பூரில் மீன்கொடி நாட்டியது யார் என்று ஒரு மாமா என்னிடம் தீவிரமாகவே கேட்டிருக்கிறார்.

அது பாந்தியன் என்ற மாளிகையின் பெயர். 1778இல் ஹால் ப்ளூமர் என்ற அரசு ஊழியருக்கு 43 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. 1793இல் அந்த இடம் 24 பேர் கொண்ட ஒரு குழுவின் கைக்கு வந்தது. நகரத்து வெள்ளையர்களின் பொழுதுபோக்கைக் கவனிப்பது அந்தக் குழுவின் வேலை. விருந்து, நடனம், நாடகம், சீட்டாட்டம் எல்லாம் அங்கே நடந்தன. 1821இல் மூராட் என்ற ஆர்மீனிய வணிகர் மாளிகையை வாங்கினார். 1830இல் அரசாங்கம் அவரிடமிருந்தே அதைத் திரும்ப வாங்கிக் கலெக்டர் கச்சேரியாக, அதாவது அலுவலகமாக, பயன்படுத்தியது. கல்லூரிக் கட்டடத்தில் இடமும் போதாமல், கட்டடமும் உறுதியாக இல்லாமல் போகவே, 1854 டிசம்பரில் அருங்காட்சியகம் இங்கே குடிவந்தது. நடனக் கூடமாக இருந்து கச்சேரியாகி, கடைசியில் எலும்புக்கூடுகளுக்கு வீடானது அந்த மாளிகை.

மாவட்டங்களிலும் அருங்காட்சியகம் தொடங்கினாரா பால்ஃபர்?

ஆம், 1850களின் நடுவில். கடலூர், கோயம்புத்தூர், உதகமண்டலம், மங்களூர், பெல்லாரி, ராஜமுந்திரி. சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டார்கள். பின்னர் 1860களில் பெங்களூரில் அவர் தொடங்கியது மட்டும் நிலைத்தது.

இயற்கை வரலாற்றுக் கூடத்தில் சாமி சிலைகள் எப்படி வந்து சேர்ந்தன?

இதைத்தான் எல்லோரும் தலைகீழாகக் கேட்கிறார்கள்: "சிலைகள் இருக்கும் இடத்தில் குரங்கையும் பாம்பையும் ஏன் வைத்தார்கள்?" குரங்கும் பாம்பும்தான் வீட்டுக்காரர்கள், சிலைகள் பின்னால் வந்த விருந்தாளிகள்.

கிருஷ்ணா நதிக்கரையின் அமராவதிச் சிற்பங்கள் 1840களிலேயே சென்னைக்கு வரத் தொடங்கின. வால்டர் எலியட் 1845இல் தோண்டி எடுத்தவை சென்னையில் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றில் பெரும்பகுதி 1859இல் லண்டனுக்குப் போய்விட்டது. இன்று எழும்பூரில் இருப்பவை பெரும்பாலும் பின்னர் கிடைத்தவை. 1878இல் புதையல் சட்டம் வந்தது. வயலில் உழும்போதும் கோயிலில் கடைக்கால் தோண்டும்போதும் கிடைத்த செப்புத் திருமேனிகள் கலெக்டர் வழியாக அருங்காட்சியகத்துக்கு வரத் தொடங்கின. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டியெடுத்த தாழிகளும் வெண்கலப் பொருட்களும் வந்தன.

வந்தவற்றை யார் அடுக்கினார்கள் என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி. வரிசையாகப் பாருங்கள்.

1870களில் பொறுப்பேற்ற ஜார்ஜ் பைடி ஒரு மருத்துவர். குடகுத் தோட்டங்களில் காப்பிச் செடியைத் துளைத்த வண்டைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை தந்தவர். அதே மனிதர் தென்னிந்திய வராகன் காசுகளைப் பற்றி எழுதினார். 1885இல் வந்த எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகளையும் சங்குகளையும் ஆராய்ந்தவர். அவரும் காசுகளுக்குப் பட்டியல் போட்டார். அவருக்குப் பின் வந்த ஹெண்டர்சன், சென்னை கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர், நண்டு வகைகளில் நிபுணர். கடலாய்வுக்குப் புறப்பட்ட சேலஞ்சர் கப்பல் உலகைச் சுற்றி அள்ளிவந்த துறவி நண்டுகளையும் அவற்றின் இனத்தாரையும் வகைப்படுத்தியவர். அவர் எழுதிய இன்னொரு நூல் ஹைதர் அலி, திப்பு சுல்தான் காசுகளைப் பற்றியது! 1920இல் வந்த கிரேவ்லி சிலந்திகளிலும் வண்டுகளிலும் ஊறியவர். 1932இல் டி.என். இராமச்சந்திரனோடு சேர்ந்து, இங்குள்ள செப்புத் திருமேனிகளுக்கு அவர் தொகுத்த விளக்கப் பட்டியல் இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல். தென்னிந்தியக் கோயில் கட்டடக்கலையின் வளர்ச்சியையும் அவர் வரைந்து காட்டினார்.

சிலந்தியின் கால் கணுவை எண்ணிப் பழகிய கண் அது. தூணின் தலையில் இருக்கும் போதிகை எப்படி மாறுகிறது, கோயில் கூரை விளிம்பில் செதுக்கும் கூட்டின் வளைவு எந்தக் காலத்தில் எப்படி இருக்கிறது, சோழர் கால உமையின் இடைக்கும் விஜயநகரக் கால உமையின் இடைக்கும் என்ன வித்தியாசம் என்று அதே கண்தான் பார்த்தது. பூச்சிகளை இனம் பிரித்ததுபோலவே தூண்களையும் பிரித்தார்கள். பக்தி இல்லாத பார்வை என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலையின் காலத்தை முகத்தழகை மட்டும் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அளந்து, ஒப்பிட்டு, வரிசைப்படுத்தும் பழக்கத்தை விலங்கியல்காரர்கள்தான் இங்கே கொண்டுவந்தார்கள்.

தர்ஸ்டன் மனிதர்களையும் அளந்தாராமே?

அளந்தார். மேலே புகழ்ந்த அதே கண் தவறான இடத்தில் திரும்பியதும் என்ன ஆகும் என்பதற்கு அவர்தான் சாட்சி. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்துச் சாதிகளைத் தரம் பிரிக்கலாம் என்று நம்பிய காலம் அது. தர்ஸ்டன் ஊர் ஊராக அளவுக் கருவிகளோடு போனார். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகளை வெளியிட்டார்.

வயநாட்டில் பணியர் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடிவிட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். தங்களில் சிறந்தவர்களைப் பிடித்துப் பாடம் செய்து மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று அவர்கள் பயந்தார்களாம். அவர் அதை வேடிக்கையாகச் சொல்கிறார். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. காட்டு எருதுக்கும் கரடிக்கும் என்ன ஆனது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்தது யார் என்று அவர்கள் போட்ட கணக்கு அப்படி ஒன்றும் பிழையானது அன்று.

அந்தத் தொகுதிகளில் சடங்குகள், தொழில்கள், கதைகள் பற்றிய செய்திகள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்காகப் படிக்கலாம். மூக்குக் கணக்கு இன்று அறிவியலில் செல்லாக்காசு. மக்களோ அருங்காட்சியகத்தைத் தமாஷா வீடாகத்தான் பார்க்கிறார்கள் என்று தர்ஸ்டனுக்குக் குறை இருந்தது. வந்தவர்கள் அவரைத்தான் வேடிக்கை பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

1940இல் அ. ஐயப்பன் பொறுப்பேற்றார். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் முறை. அவரும் மானிடவியலாளர்தான், லண்டனில் பயின்றவர். மனிதர்களோடு பேசித் தெரிந்துகொள்ளும் மானிடவியல் அவருடையது.

கன்னிமாரா நூலகமும் இதன் பகுதியா?

இதிலிருந்து கிளைத்தது. பால்ஃபருக்கு அடுத்து வந்த ஜெஸ்ஸி மிட்செல் என்ற ராணுவ அதிகாரியின் காலத்தில், இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிகுந்துபோன நூல்கள் 1861இல் சென்னைக்கு வந்தன. அவற்றை அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள். அந்த விதை வளர்ந்து, 1890இல் கவர்னர் கன்னிமாரா அடிக்கல் நாட்ட, 1896 டிசம்பரில் தனி நூலகமாகத் திறந்தது. பக்கத்தில் இருக்கும் வட்ட வடிவ மியூசியம் தியேட்டரும் அதே காலத்துக் கட்டடம். ஒரே மதில்சுவருக்குள் நாடகம், நூல், எலும்புக்கூடு எல்லாம் உண்டு. பெரும்பாலோர் மூன்றில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தத் திமிங்கல எலும்புக்கூடு நிஜமானதா?

நிஜம். 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கலம் அது. மங்களூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். இந்த அருங்காட்சியகம் ஒரு காலத்தில் கஞ்சம் முதல் கன்னடக் கரை வரை ஆண்ட மாகாணத்தின் சரக்கு அறை.

திமிங்கலத்தின் எலும்பைக் காட்சிக்குத் தயார் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. சதையை நீக்கிவிடலாம். எலும்புக்குள் ஊறிய எண்ணெய்தான் விடாது. ஆண்டுக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளிடம் நான் காட்டச் சொல்வது துடுப்புப் பகுதியை. வெளியே பார்த்தால் மீனின் துடுப்பு. உள்ளே தோள் எலும்பு, முழங்கை, மணிக்கட்டு, விரல் எலும்புகள். நம் கையை நீட்டி அதன் அருகில் வைத்துப் பார்த்தால் போதும், பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் சொல்வது ஒரு நொடியில் விளங்கிவிடும்.

பாடம் செய்த விலங்குகள் பொம்மைகளா?

தோல், முடி, இறகு, கொம்பு, குளம்பு எல்லாம் நிஜம். கண் மட்டும் கண்ணாடி. தோலை உரித்துப் பதப்படுத்தி, கம்பி, நார், வைக்கோல், சாந்து போன்றவற்றால் உள்ளே உடல் வடிவம் செய்து, அதன் மேல் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். உயிரோடு அந்த விலங்கைப் பார்த்திராதவர் செய்தால் உடனே தெரிந்துவிடும்: காலும் தோளும் சரியாக இருக்கும், முகம் மட்டும் வேறெங்கோ பார்க்கும். உலகின் எந்தப் பழைய அருங்காட்சியகத்திலும் இப்படி இரண்டொரு அசட்டுச் சிங்கம் நிற்கும்.

பழங்காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலின் உள்புறம் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த சோப்பு தடவுவது உலகெங்கும் வழக்கம். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் பழைய தோலையோ கொம்பையோ குழந்தைகள் தடவிப் பார்க்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான். ஜாடிகளில் மிதக்கும் மீன்களும் பாம்புகளும் ஏன் வெளுத்திருக்கின்றன என்றும் கேட்பார்கள். ஸ்பிரிட்டிலும் ஃபார்மலினிலும் உடல் கெடாது, நிறம் தங்காது.

இவ்வளவு பழசை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்? வீடியோவில் உயிரோடே பார்க்கலாமே?

பார்க்கலாம். ஆனால் வீடியோவில் ஒரு முள்ளை எண்ண முடியாது. ஒரு துளித் தசையை எடுத்து ஆராய முடியாது. ஓர் உயிரினத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்டியவர் எந்த உடலை வைத்துப் பெயரிட்டாரோ அந்த மாதிரிப்பொருள்தான் அந்தப் பெயருக்குப் பத்திரம். நாளை சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாதிரியை விடவும் பெரிது அதன் சீட்டு. எங்கே, எந்த நாளில், யார் சேகரித்தது என்ற மூன்று வரி. சீட்டு தொலைந்துபோன பறவை வெறும் இறகு மூட்டை. ஒரு ஏரியில் நூறாண்டுக்கு முன் இருந்த சிப்பி இன்று இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், சாட்சி சொல்ல வருவது அந்த மங்கிய மசிச் சீட்டுதான். பாடம் செய்த புலியை நூறு பேர் சுற்றி நிற்பார்கள். அலமாரியில் இருக்கும் சீட்டை ஒருவரும் பார்ப்பதில்லை.

இவர்கள் வெளியே போய் ஏதாவது கண்டுபிடித்தார்களா, வந்ததை மட்டும் அடுக்கினார்களா?

போனார்கள். பாம்பனுக்கு அருகில் குருசடைத் தீவு என்ற சிறு பவளத்தீவு இருக்கிறது. கிரேவ்லியும் உடன் பணியாற்றியவர்களும் அங்கே கரையோர நீரில் கல்லைப் புரட்டி, சேற்றை அலசி, கண்ட உயிர்களையெல்லாம் இனம் கண்டு 1927இல் அருங்காட்சியகத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். பவளம், கடற்பஞ்சு, புழு, நண்டு, நட்சத்திர மீன் என்று ஒவ்வொன்றாக. மன்னார் வளைகுடா இன்று பாதுகாக்கப்பட்ட பகுதி. அதன் கடலடி அன்று எப்படி இருந்தது என்று கேட்பவர்கள் திரும்பிப் பார்க்கும் ஆவணங்களில் அது ஒன்று.

1929இல் இங்கே பணியாற்றிய பி.வி. மயூரநாதன் சென்னை நகரிலும் சுற்றுப்புறத்திலும் பூக்கும் செடிகளுக்கு ஒரு கையேடு எழுதினார். வேலியோரச் செடி, குளத்துத் தாமரை, கடற்கரை அடும்பு வரை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய அடுக்குமாடிகளுக்கு நடுவே நடந்து பாருங்கள். நான் ஒருமுறை முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

1930இல் வேதியியல் ஆய்வகம் ஒன்றும் தொடங்கினார்கள். களிம்பேறிய செப்புத் திருமேனிகளைக் காப்பாற்ற எஸ். பரமசிவன் அங்கே மின்வேதியியல் முறையைக் கையாண்டார்.

பல்லாவரத்துக் கற்கோடரியின் கதை என்ன?

1863 மே 30 அன்று பல்லாவரத்துச் செம்மண்ணில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அவர் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். பாறை தேடிப் போனவர். எடுத்தது மனிதன் கொத்திச் செதுக்கிய கல் என்று தெரிந்ததும் இந்தியத் தொல்லியலின் காலக்கணக்கே மாறியது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகள், தென்னாட்டிலும் குஜராத்திலும் அவர் சேர்த்த கற்கருவிகளும் பானைகளும் பெரும் தொகுப்பாயின. 1904இல் சென்னை அரசு அந்தத் தொகுப்பை இந்த அருங்காட்சியகத்துக்காக வாங்கியது. அவர் எழுதிய விளக்கப் பட்டியல் அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1914இல் வெளிவந்தது.

அதே 1863இல் திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அங்கே அண்மையில் நடந்த அகழாய்வு, அவற்றில் பழையவற்றின் வயதை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று காட்டியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவை வெறும் கூழாங்கல் போலத்தான் இருக்கும். கைக்குள் எப்படிப் பிடித்திருப்பார்கள் என்று மனத்துக்குள் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கு இடம் தெரியும்.

டைனோசர் உண்டா?

வளாகத்தில் நிற்பது பொம்மை. பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான், ஓடட்டும். அது வட அமெரிக்காவில் வாழ்ந்த விலங்கின் உருவம்.

நம் ஊர்ச் சரக்கு வேறு. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் டைனோசர் காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. அங்கே கிடைப்பவை அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிர்கள், சிப்பிகள், கடல் முள்ளெலிகள். 2020இல் குன்னம் அருகே டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டதாகக் கைபேசிகளில் படம் பறந்தது. போய்ப் பார்த்த புவியியலாளர்கள், அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து உருண்ட படிவங்கள் அவை என்றார்கள். ஏமாந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், படத்தில் முட்டை போலத்தான் இருந்தது. புவியியல் கூடத்தில் அரை மணி நேரம் நின்றவருக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்காது என்று மட்டும் சொல்வேன்.

கல்மரமும் கேட்பார்கள். விழுப்புரத்துக்கு அருகே திருவக்கரையில் ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரார் சொல்வார்கள். மரத்தின் உயிரணு ஒவ்வொன்றும் கரைந்த இடத்தில் சிலிக்கா புகுந்து உட்கார்ந்துகொண்டதால்தான் ஆண்டு வளையம் வரை அப்படியே தெரிகிறது. இரண்டு கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கோவைக்காரர்கள் எங்கே போவது?

கோவையில் வனத்துறை வளாகத்துக்குள் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. 1902இல் திறந்தது, வனப் பாதுகாவலராக இருந்த காஸ் என்பவரின் பெயர். மரத்துண்டுகளின் அடுக்கும் பாடம் செய்த காட்டெருதும் பார்க்க வேண்டியவை. இலங்கைத் தமிழர்கள் இப்படிப்பட்ட இடத்தை நூதனசாலை என்பார்கள். அருங்காட்சியகத்தை விட அந்தச் சொல்தான் எனக்கு வாயில் நன்றாக உட்காருகிறது.

அரை நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது?

வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலை ஒன்பதரைக்குத் திறப்பார்கள். திறந்ததும் போய்விடுங்கள். வெண்கலக் கூடத்துக்கு முதலில் போகாதீர்கள். போனால் அங்கேயே நேரம் கரைந்து, மற்றதை எல்லாம் கால் வலியோடு ஓடிப் பார்ப்பீர்கள்.

கற்களில் தொடங்குங்கள், இந்த இடமும் அங்கேதான் தொடங்கியது. பிறகு ஃபூட்டின் கருவிகள், ஆதிச்சநல்லூர்த் தாழிகள். அடுத்து பறவைகள், ஊர்வன, பாலூட்டிகள். பதினொன்றரைக்குள் திமிங்கலத்திடம் வந்துவிடலாம். பள்ளிக் கூட்டம் வரிசையாக உள்ளே நுழைவது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். இருநூறு பிள்ளைகள் ஒரே சமயத்தில் "அம்மாடி!" என்று கத்துவதைக் கேட்டுவிட்டு வெண்கலக் கூடத்துக்கு நடக்கலாம்.